மூன்றாம் மாடிச் சுவர்

பதின்மூன்று எபிசோடுகள்.
காதில் ஹெட்செட், மடியில் அட்டவணை.
பாத்திரம் எண் 1: தமிழன், ஆண், முப்பது இருக்கலாம்.
தொழில்: அடியாள்.
பேசுகிறானா: ஆம். நாலு வரி.
இரண்டு மிரட்டல், இரண்டு அலறல்.
சாகிறானா: ஆம்.
பாத்திரம் எண் 2: அவன் அம்மா.
தொழில்: அழுகை.

இப்படி நாற்பத்தோரு பேரை எண்ணி முடித்தேன்.
ஏழாவது எபிசோடில் ஒரு வக்கீல் கிடைத்தார்,
முதுகு மட்டும்.
அவரைச் சேர்க்கலாமா என்று
பல்கலைக்கழகக் கேண்டீனில்
வெய் ஷானோடு அரைமணி நேரம் வாதாடினேன்.
"முதுகும் பிரதிநிதித்துவம்தான்" என்றாள்,
என் கறிபஃப்பில் பாதியைப் பிய்த்துக்கொண்டு.
சேர்த்தேன்.

அடுத்த அத்தியாயம், பார்வையாளர்கள்.
ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள
ஜனங்கள் என்ன பஞ்சா என்று
டாக்டர் நோர்ஹயாத்தி முதல் வகுப்பிலேயே கேட்டிருந்தார்.
சரி என்று செந்தூல் பிளாட்டுக்குப் போனேன்,
ரெக்கார்டர், ஒப்புதல் படிவம்,
ஏழு பேருக்கு ஏழு ரொட்டி பாக்கெட்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
அதையும் குறித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

தனலெட்சுமி அக்கா வீட்டு டிவியில்
பென்டிரைவைச் செருகி ஆறாவது எபிசோடைப் போட்டேன்.
முதல் கேள்வி:
இக்காட்சியில் தமிழர்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள்?
திரையில் எண் 1 ஓடுகிறான்,
பின்னால் பாராங்கத்தியோடு நாலு பேர்.
யாரும் அவனைப் பார்க்கவில்லை.
"தோ, தோ, நம்ம படி!"
"அது குமுதாவோட கொடிக்கயிறு,
பச்சைத் துண்டு தொங்குது பாரு."
"நிறுத்தும்மா, நிறுத்து. நம்ம சுவரு."

தீபாவளிக்கு, வீட்டுக்கு இருபது வெள்ளி போட்டு
மாடிக்காரர்கள் இளநீலம் அடித்த சுவர்.
படப்பிடிப்புக்கு வந்தவர் அதைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாராம்,
ரொம்பச் சுத்தமா இருக்கே.
ஸ்பிரே டப்பா வந்தது.
எங்கேயும் இல்லாத ஒரு கும்பலின் எண்ணை எழுதினார்கள்.
புகைக்கரி பூசினார்கள்.
மூலையில், சிரப்பில் குழைத்த ரத்தம்.
முடிந்ததும் வெளுத்துத் தருகிறோம் என்றார்கள்.

"வந்தாங்களா?"
அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
ரெக்கார்டரில் அந்த இடத்தில்
பதினொரு நொடி மின்விசிறிச் சத்தம்.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பிய சந்திரகாசன் அண்ணன்
ஜாகா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே
திரையைத் தொட்டுக் காட்டினார்.
துரத்துகிற நாலு பேரில் மூன்றாவது, அவர் தம்பி.
எண்பது வெள்ளி, மத்தியானச் சாப்பாடு.
"நல்லா ஓடுறான்ல?"
நன்றாகத்தான் ஓடினான்.
போன வாரமே அவனை நான்
'அடியாள், பேசாதவர், பெயரற்றவர்' என்று
அடைத்துவிட்டிருந்தேன்.
"பேரு என்ன அண்ணே?"
"படத்துலயா?"
"வீட்டுல."
"நவநீதன்."
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அழித்துவிடக்கூடிய அளவுக்கு மெல்லிசாக.
மதிப்பெண் போகுமோ என்ற பயம்தான்.

இறங்கும்போது மூன்றாம் மாடியில் நின்றேன்.
இரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.
பொய் ரத்தம் ஒரு கம்பம்,
பொய் எண் இன்னொரு கம்பம்.
"அக்கா, தள்ளுங்க, கோலை மறைக்கிறீங்க."
தள்ளினேன்.
பின்னிணைப்புக்கு ஒரு படம் போதும் என்று
கைப்பேசியை உயர்த்தினேன்.
சின்னவன் பந்தை விட்டான்.
தோளை அகட்டினான், புருவத்தை இறக்கினான்,
தாடையை முன்னால் தள்ளி
எண் 1 ஆனான்.
அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்.

எடுக்கவில்லை.
கையை இறக்கிய பிறகும்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.